வாசகர் பணத்தில் இணையச் சித்திரக்கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்புக் கூத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சட்டம் கொடுத்து (பாத்திரங்களையும் அவற்றின் பாட்டையும் பிரித்துக் கொடுத்து), கிழமைக்கூத்து ஆடிப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு என்னும் ஒத்திகை பார்த்து, அரங்கேற்றமும் முடிந்த பிறகே கூத்தர்கள் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவார்கள். அதாவது, ஆட்டத்தைக் கண்டவர்தான் அன்பளிப்புத் தருகிறார். இணையத்தில் சித்திரக்கதை வரையத் தொடங்கும் நம் இளையவர்கள் பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். மூன்று பக்கமும் ஓர் அட்டைப்படமும் வரைந்தவுடன், வாசகர் பணம் தருவதற்கான இணைய ஆதரவுப் பக்கத்தைத் திறந்து, மாதச் சந்தா கேட்டு முகநூலில் அறிவிக்கிறார்கள். உறவினர் நான்கு பேர் சேர்கிறார்கள்; அதற்கு மேல் எவரும் வருவதில்லை. முதல் அத்தியாயம் முழுவதும் வெளிவந்திருக்க வேண்டும், வெளியிடாத எட்டுப் பத்துப் பக்கங்களாவது கையிருப்பில் இருக்க வேண்டும், அதன் பின்னரே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கணிப்பு.

இதைவிடப் பெரிய தவறு, பணம் எந்த வழியாகக் கைக்கு வரும் என்று பாராமல் தளத்தைத் தேர்ந்தெடுப்பது. வெளிநாட்டு ஓவியர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தச் சிக்கல் பேசப்படுவதே இல்லை, ஏனெனில் அவர்களுக்கு அது சிக்கலே அல்ல. ஒரு திட்டத்துக்கு மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் குறிப்பிட்ட சில நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டுமே திட்டம் தொடங்க இடமளிக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. சிறு நன்கொடைத் தளமான கோ-ஃபை நன்கொடையில் கழிவு எதுவும் எடுப்பதில்லை என்று புகழப்படுகிறது. ஆனால் அது பணத்தைப் பேபால் அல்லது ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவைகளின் கணக்குக்கே அனுப்புகிறது. ஸ்ட்ரைப் இலங்கையில் கணக்குத் திறக்க விடுவதில்லை. பேபாலோ நீண்ட காலமாக இங்கிருந்து பணம் செலுத்த மட்டுமே உதவியது, பெற உதவவில்லை. 2013இல் தொடங்கப்பட்ட மாதச் சந்தாத் தளமான பேட்ரியன், பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாகவும் பணம் அனுப்புவதால், கல்லடியிலோ கல்முனையிலோ இருந்து வரைபவருக்கு நடைமுறையில் கைகொடுப்பது பெரும்பாலும் அந்த வழிதான். ஆகவே முதலில் பேயோனியர் கணக்கைத் திறந்து, அடையாளச் சரிபார்ப்பை முடித்து, உள்ளூர் வங்கிக் கணக்கை அதனுடன் இணைத்து, ஒரு சிறு தொகையை எடுத்துப் பார்த்த பிறகே ஆதரவுப் பக்கத்தை அறிவிக்க வேண்டும். இந்த நிறுவனங்களின் விதிகள் அடிக்கடி மாறுவதால், அறிவிக்கும் கிழமையில் இன்னொரு முறை வாசிப்பதும் நல்லது.

வழி கிடைக்காதவர்கள் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானின் பெயரில் கணக்குத் திறப்பது நம் ஊரில் சாதாரணம். அந்தப் பணம் பதிவுகளில் மச்சானின் வருமானமாகத் தெரியும்; கனடாவில் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டி வருவதும் அவருக்கே ஆகலாம். ஏதாவது மனவருத்தம் வந்தால், வாசகர் பட்டியலும் கணக்கும் அவர் கையில் இருக்கும், கதை மட்டும் உங்கள் கையில் இருக்கும்.

உள்ளூர் வாசகரை மறந்துவிடுவதும் இதே வகைத் தவறு. அக்கரைப்பற்றில் படிக்கும் மாணவரிடம் வெளிநாட்டுக் கட்டணத்துக்கு ஏற்ற அட்டை இருப்பது அரிது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால், மூன்று டொலர் சந்தா என்பது மாதம் 900 ரூபாய். லண்டனில் வேலை செய்பவருக்கு அது ஒரு தேநீர்க் காசு, இங்கு கைத்தொலைபேசிக்கு டேட்டா போடும் காசு. ஈஸி கேஷ் (கைத்தொலைபேசிப் பணச் சேவை), லங்கா கியூஆர் (குறியீட்டைப் படம்பிடித்துப் பணம் செலுத்தும் முறை), வங்கிப் பரிமாற்றம் ஆகியவற்றில் ஒன்றின் வழியாக 100 ரூபாய், 200 ரூபாய் தருவதற்கும் இடம் வைக்க வேண்டும். அப்படித் தருபவரின் பெயரும் டொலர் தருபவரின் பெயரும் நன்றிப் பக்கத்தில் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும்.

கட்டணக் கழிவைக் கணக்கிடாமல் ஒரு டொலர் சந்தாப் படிநிலையை மட்டும் வைப்பவர்கள் பின்னர் ஏமாறுகிறார்கள். 2025 ஓகஸ்ட்டிலிருந்து புதிதாகச் சேரும் படைப்பாளிகளிடம் பேட்ரியன் 10 சதவீதம் எடுக்கிறது. அதற்கு மேல் பணம் கையாளும் கட்டணமும், பேயோனியரிலிருந்து வங்கிக்கு எடுக்கும் கட்டணமும், நாணய மாற்றுக் கழிவும் உண்டு. இவற்றில், தொகை எவ்வளவாயினும் மாறாமல் கழியும் சதக் காசுக் கட்டணமே சிறு தொகையை அரிப்பது. 2017 டிசம்பரில் பேட்ரியன், ஒவ்வொரு சந்தாவிலும் 2.9 சதவீதத்தையும் 35 சதத்தையும் ஆதரவாளர் மீதே சுமத்தப் போவதாக அறிவித்தபோது, ஒரு டொலர் தந்தவர் 1.38 டொலர் செலுத்த வேண்டி வரும் என்ற நிலை எழுந்தது. பலர் சந்தாவை நிறுத்தினார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த முடிவைக் கைவிட்டது. சிறு தொகைகளை நம்பியிருப்பவர் எவ்வளவு மெல்லிய கிளையில் இருக்கிறார் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின. 2024 நவம்பரிலிருந்து ஐபோன் செயலிக்குள் தொடங்கும் புதிய சந்தாக்களில் அப்பிள் நிறுவனம் 30 சதவீதம் வரை கேட்கத் தொடங்கியதையும் கவனிக்க வேண்டும். உலாவி வழியாகச் சேருமாறு வாசகரிடம் சொல்வதற்கு ஒரு வரி போதும். பேயோனியரிலிருந்து வங்கிக்கு எடுக்கும் கட்டணம் ஒவ்வொரு முறையும் கழிவதால், சிறு தொகையை மாதந்தோறும் எடுக்காமல் சேர்த்து எடுப்பது இலாபம்.

அடுத்தது வெகுமதிகள். கையால் வரைந்த அஞ்சலட்டை தருவதாக வாக்களிப்பது எழுதும்போது மிக எளிது. நாற்பது ஆதரவாளருக்கு ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் மொத்தம் 13 மணித்தியாலத்துக்கு மேல்; அந்த நேரத்தில் ஒன்றிரண்டு பக்கங்களை மை தீட்டி முடித்திருக்கலாம். வாசகர் பணம் தந்ததோ அடுத்த பக்கத்துக்காக. 2012இல் இணையச் சித்திரக்கதை ஓவியர் ரிச் பெர்லியூ தமது ‘தி ஓர்டர் ஒஃப் த ஸ்டிக்’ சித்திரக்கதையின் மறுபதிப்புக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 57,750 டொலர் கேட்டார், 12.5 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. தொகை ஏற ஏறப் புதிய வெகுமதிகளை அறிவித்துக்கொண்டே போனார். அதே ஆண்டில் அவரது கையில் காயம் ஏற்பட்டது, வாக்களித்தவற்றை முடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. அவ்வளவு புகழ் பெற்றவரின் வாசகர் பொறுத்திருந்தார்கள்; புதியவருக்கு அந்தப் பொறுமை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வரையும் வேலையிலேயே பிறக்கும் பொருட்கள்தான் நல்ல வெகுமதிகள்: பென்சில் வரைவுகள், பெரிய அளவுப் படக் கோப்புகள், ஒரு கிழமை முன்னதாகப் பக்கங்கள்.

ஆனால் கதையையே சந்தாவுக்குள் பூட்டிவிடக் கூடாது. இலவசமாக வாசிக்கக் கிடைக்கும் பக்கங்கள்தான் புதிய வாசகரை அழைத்து வருகின்றன. பூட்டிய கதையை எவரும் வட்ஸ்அப்பில் பகிர்வதில்லை.

அச்சுப் புத்தகம் தருவதாக இருந்தால், அச்சகம் சொல்லும் விலையை ஓராண்டுக்கு முன்னரே வாக்குறுதியாக மாற்றாதீர்கள். 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரியத் தொடங்கியபோது தாள் கிடைக்காமல் பத்திரிகைகளே அச்சிடுவதை நிறுத்தின, பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. முன்பணம் வாங்கிய பின் அப்படி ஒன்று நடந்தால் நட்டம் முழுவதும் வரைபவருக்கே. அதே பக்க எண்ணிக்கையுள்ள வெறும் புத்தகம் ஒன்றைக் கட்டி, அட்டை உறையுடன் தபாலகத்தில் நிறுத்துப் பார்த்து, சூரிச்சுக்கும் சிட்னிக்கும் செலவு எவ்வளவு என்று கேட்ட பிறகே விலை வைக்க வேண்டும். புத்தகத்தைவிடத் தபால் செலவு கூடிவிடுவது அபூர்வமல்ல.

மாரிக்காலத்தைக் கணக்கில் எடுக்காத அட்டவணையும் நம் பகுதிக்குப் பொருந்தாது. நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் வெள்ளமும் மின்தடையும் இணையத் துண்டிப்பும் வரக்கூடியவை என்று தெரிந்திருந்தும், ஆண்டு முழுவதும் செவ்வாய் தோறும் ஒரு பக்கம் என்று அறிவிப்பது வீண் துணிச்சல். மார்கழியில் இடைவேளை உண்டு என்று தொடக்கத்திலேயே எழுதிவைக்கலாம். பேட்ரியனில் ஒரு மாதச் சந்தாவை இடைநிறுத்தி வைக்கும் வசதியும் இருக்கிறது. பக்கம் தாமதமாவதை வாசகர் மன்னிப்பார்கள். சந்தா மட்டும் கழிந்து, பக்கமும் வராமல், ஒரு சொல்லும் வராமல் இருப்பதைத்தான் மன்னிப்பதில்லை.

பணம் தருபவர் கதையின் போக்கைத் திருப்ப முயல்வதும் உண்டு. உங்கள் ஊர்ப் பேச்சு விளங்கவில்லை, பொதுத் தமிழில் எழுதுங்கள் என்று கேட்பார்கள். விளங்காத சொல்லுக்கு அடிக்குறிப்பு இடலாம்; பாத்திரத்தின் வாயை மாற்றக் கூடாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில், சேவை வழங்கி வெளிநாட்டு நாணயத்தில் பெறும் வருமானத்துக்கு இருந்த விலக்கு நீங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் அதிகபட்சம் 15 சதவீத வரி விதிக்கப்படுகிறது; தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். சந்தாப் பணத்தை எந்த வகையில் காட்டுவது என்பதைக் கணக்காளர் ஒருவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

கடைசியாக, ஒருவர் எழுத மற்றவர் வரையும் கதைகளில், பங்கு எவ்வளவு என்பதை முதல் ரூபாய் வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இட வேண்டும். ஒருவர் இடையில் விலகினால் பாத்திரங்கள் யாருக்கு, கணக்கின் கடவுச்சொல் யாரிடம் என்ற இரண்டு வரிகளும் அதே தாளில் இருக்கட்டும்.