வெவ்வேறு நிறுவன எஸ்எஸ்டிகளைக் கொண்டு ரெய்டு அமைத்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பாளையங்கோட்டையில் திருமணப் படங்கள் எடுத்துத் தரும் ஸ்டுடியோ நடத்தும் அண்ணாச்சி ஒருவருக்கு, வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கும் முன்பாகக் கணினி ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். ஒரு கல்யாணத்தின் படங்களும் வீடியோவும் சேர்ந்தால் 200 ஜிபி வரை வந்துவிடும். தாலி கட்டும் நொடியை மறுபடி எடுக்க முடியாது என்பதால், ஒரு எஸ்எஸ்டி (சிப்புகளில் தரவைச் சேமிக்கும் வட்டு) செத்துப்போனாலும் கோப்புகள் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவருடைய தேவை. இரண்டு எஸ்எஸ்டிகளையும் இரண்டு நிறுவனங்களில் வாங்குமாறு நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்ததும், "வண்டிக்கு மாடு புடிச்சா ஒரே ஜோடியாத்தான தம்பி புடிப்போம்? இதை மட்டும் எதுக்கு ரெண்டு கம்பெனில வாங்கணும்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

ஏன் வெவ்வேறு நிறுவனம்?

ரெய்டு என்ற பெயர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் மூலம் பரவியது. விலை குறைந்த பல வட்டுகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பிக்கும்படி செய்வதே அதன் கருத்து. அந்தக் கணக்கு, ஒரு வட்டு கெடுவதற்கும் இன்னொரு வட்டு கெடுவதற்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. எஸ்எஸ்டியில் அந்த அனுமானம் எளிதில் உடைந்துவிடும். ரெய்டு 1 எனப்படும் மிரர் அமைப்பில் ஒரே தரவு இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படுவதால், எழுத எழுதத் தேயும் எஸ்எஸ்டிகள், ஒரே மாடலாக இருந்தால், ஒரே அளவு தேய்கின்றன. இயங்கிய மணிநேரமும் ஒன்றாகவே ஏறுகிறது. உள்ளே இருந்து இயக்கும் ஃபர்ம்வேர் என்னும் மென்பொருளும் அதிலுள்ள பிழையும்கூட ஒன்றாகவே இருக்கின்றன.

இது வெறும் அச்சமன்று. தன்னுடைய சில எஸ்ஏஎஸ் வகை (சர்வர்களுக்கான இணைப்பு) எஸ்எஸ்டிகள் 32,768 மணிநேரம் இயங்கியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணிநேரம் ஆனதும், தரவோடு செயலிழந்துவிடும் என்று ஹியூலெட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ் நிறுவனம் 2019 நவம்பரில் அறிவித்து, ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னது. 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு. ஒரே நாளில் பொருத்திய எஸ்எஸ்டிகள் அந்த எண்ணை ஒரே நாளில்தான் எட்டும். அதற்கு முன்பு, குரூஷியல் எம்4 எஸ்எஸ்டிகள் 5,184 மணிநேரத்தைத் தாண்டியபின் நின்று நின்று போகும் பிழை, 2012இல் ஃபர்ம்வேர் மூலம் சரிசெய்யப்பட்டது. இப்படி ஒரு பிழை இரண்டையும் சேர்த்துச் சாய்த்தால், மிரர் இருந்தும் பயனில்லை.

எது ஒத்திருக்க வேண்டும்?

நிறுவனம் வேறாக இருக்கட்டும். ஆனால் கொள்ளளவும் இணைப்பு வகையும் வேகமும் ஒத்திருக்க வேண்டும். அண்ணாச்சி சொன்ன மாட்டு ஜோடி பொருந்துவது இங்கேதான். மிரரில் எழுதும் வேலை இரண்டிலும் முடிந்த பிறகே அடுத்தது நகரும் என்பதால், மெதுவாக நடக்கும் மாட்டின் வேகமே வண்டியின் வேகம். பழைய இணைப்பு வகையான சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பியோடு நின்றுவிடும். புதிய இணைப்பான என்விஎம்இ வகை அதைப் போல் பல மடங்கு ஓடும். இரண்டையும் கலந்தால் என்விஎம்இக்குக் கொடுத்த அதிகப் பணம், எழுதும் வேலையைப் பொறுத்தவரை, வீணே.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் மட்டும் போதாது. சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி எஸ்எஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: தரவை முதலில் வேகமாக வாங்கிவைக்கும் அதன் 42 ஜிபி பகுதி நிரம்பும்வரை நொடிக்கு 530 எம்பி; நிரம்பியபின் 80 எம்பி என்று அந்நிறுவனமே குறித்திருக்கிறது. 200 ஜிபி கல்யாணத்தை இதில் ஏற்றினால், முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்திற்குள் முடிந்துவிடும். மீதி 158 ஜிபிக்கு அரை மணிநேரத்துக்கும் மேலாகும். இதோடு சேர்த்துக் கட்டிய எஸ்எஸ்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். எனவே இதைப் போல ஒரு செல்லில் நான்கு பிட் அடக்கும் க்யூஎல்சி வகையையும், மூன்று பிட் அடக்கும் டிஎல்சி வகையையும் கலக்காதீர்கள். பெரிய கோப்புகளுக்கு இரண்டும் டிஎல்சியாகவே இருப்பது நல்லது. அண்ணாச்சிக்கு நான் தேர்ந்தெடுத்தவை சாம்சங் 870 ஈவிஓ 1 டிபி, குரூஷியல் எம்எக்ஸ்500 1 டிபி. முன்னதற்கு 600 டிபி வரை எழுதலாம் என்றும் பின்னதற்கு 360 டிபி வரை எழுதலாம் என்றும் உத்தரவாதம் உள்ளது. தேய்மான எல்லைகள் வேறுபடுவதால் இரண்டும் ஒன்றாகக் களைத்துப்போகாது.

ஸ்டிக்கர் வேறாக இருந்துவிட்டால் உள்ளே இருப்பதும் வேறு என்று எண்ணிவிட வேண்டாம். விலை குறைந்த பல பெயர்களுக்குள் ஃபைசன், சிலிக்கான் மோஷன் போன்ற ஒரே நிறுவனத்தின் கன்ட்ரோலர் சிப்பே (எஸ்எஸ்டியின் மூளை போன்றது) இருக்கும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ சந்திப்பிலோ கடைக்குப் போகும் முன்பே, இரு மாடல்களின் கன்ட்ரோலரும் வெவ்வேறா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொள்ளளவில் சிறியதே எல்லை. 1 டிபியோடு 960 ஜிபியை இணைத்தால், பெரியதில் 40 ஜிபி சும்மா கிடக்கும். விண்டோஸ் வேறு முறையில் எண்ணுவதால் 1 டிபி என்பது 931 ஜிபி என்றும், 960 ஜிபி என்பது 894 ஜிபி என்றும் தெரியும், பயப்பட வேண்டியதில்லை.

அமைக்கும் முறை

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்னும் வசதியையே இங்கே பயன்படுத்துகிறோம். கணினி தொடங்கும்போது ஓடும் பயாஸ் என்னும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளிலும் ரெய்டு இருக்கும். ஆயினும் அந்தப் போர்டு போய்விட்டால் அதே வகைப் போர்டைத் தேடி அலைய நேரலாம். ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் அமைத்த இரண்டு எஸ்எஸ்டிகளையும், அதே பதிப்போ அதற்குப் பிந்தியதோ ஆன விண்டோஸ் உள்ள வேறு கணினியில் மாட்டினால் அடையாளம் கண்டுகொள்ளும். ஒன்று மட்டும் மறவாதீர்கள்: விண்டோஸ் நிறுவிய எஸ்எஸ்டியை இதில் சேர்க்க முடியாது, அது தனியாக மூன்றாவதாக இருக்க வேண்டும்.

முதலில், கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இரண்டு எஸ்எஸ்டிகளையும் மதர்போர்டின் சாட்டா துளைகளில் மாட்டுங்கள். மாட்டும் முன்பு ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் தாளில் எழுதி, எது எந்தத் துளையில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒன்று கெட்டால், நல்லதைக் கழற்றிவிடாமல் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான்.

அடுத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் இரண்டின் நிலையையும் இயங்கிய மணிநேரத்தையும் பாருங்கள். புதிதென்று வாங்கியதில் நூற்றுக்கணக்கான மணிநேரம் காட்டினால் உடனே கடைக்குத் திருப்புங்கள். இரு நிறுவனங்களும் தரும் மென்பொருள்கள் வழியாக ஃபர்ம்வேரையும் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். தரவு ஏறிய பிறகு செய்வதைவிட இது பாதுகாப்பானது.

பிறகு தொடக்கப் பட்டியில் 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' என்று தேடி, 'மேனேஜ் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' என்பதைத் திறந்து, 'கிரியேட் எ நியூ பூல் அண்ட் ஸ்டோரேஜ் ஸ்பேஸ்' என்பதை அழுத்துங்கள். தோன்றும் பட்டியலில் புதிய எஸ்எஸ்டிகள் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்தவற்றில் உள்ள எல்லாம் அழியும், திரும்பக் கிடைக்காது. ஆகவே கொள்ளளவைப் பார்த்து மட்டும் டிக் செய்யாமல், பெயரையும் பார்த்துச் செய்யுங்கள்.

அதற்கடுத்த பக்கத்தில் பெயரும் டிரைவ் எழுத்தும் கொடுத்து, கோப்பு முறையாக என்டிஎஃப்எஸ் வைத்து, 'ரெசிலியன்ஸி டைப்' என்ற இடத்தில் 'டூ-வே மிரர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'சிம்பிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பே இராது. ஒன்று கெட்டால் எல்லாம் போய்விடும். 'பேரிட்டி'க்கு மூன்று வேண்டும். அளவைக் கேட்கும்போது உச்ச அளவைக் கொடுக்காமல், இரண்டும் 931 ஜிபி என்றால் 860 ஜிபி கொடுங்கள். பின்னாளில் மாற்றாக வாங்குவது 960 ஜிபி என விற்கப்படுவதாக இருந்தாலும் அது பொருந்தும். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் புதிய டிரைவ் வந்துவிடும்.

சோதித்தல்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். சில கோப்புகளை ஏற்றிவிட்டு, கணினியை அணைத்து, ஒரு எஸ்எஸ்டியின் கம்பியைக் கழற்றிவிட்டு, கணினியை மீண்டும் இயக்குங்கள். டிரைவ் திறக்க வேண்டும். கோப்புகள் இருக்க வேண்டும். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் மஞ்சள் எச்சரிக்கை காட்ட வேண்டும். அணைத்து, கம்பியை மாட்டினால் தானாகச் சரிசெய்துகொள்ளும். அது முடிந்ததும் மற்றதையும் இப்படியே கழற்றிப் பாருங்கள். அண்ணாச்சியின் கண்ணெதிரே இதைச் செய்துகாட்டிய பிறகுதான், சீட்டில் இரண்டு நிறுவனங்கள் எழுதியிருந்ததை அவர் மனதார ஏற்றுக்கொண்டார்.

ஒன்று உண்மையிலேயே தடுமாறத் தொடங்கினால், மூன்றாவதாகப் புதியதை மாட்டி, 'சேஞ்ச் செட்டிங்ஸ்', 'ஆட் டிரைவ்ஸ்' வழியாகச் சேர்த்து, பழையதற்கு 'பிரிபேர் ஃபார் ரிமூவல்' கொடுத்து, அது முடிந்தபின் நீக்குங்கள். முற்றிலும் செத்துவிட்டால், புதியதைச் சேர்த்துச் சீர்செய்யும் வேலை முடிந்த பிறகு பழையதை நீக்கலாம். அப்போது வாங்குவதும், மிஞ்சியிருக்கும் எஸ்எஸ்டியிலிருந்து வேறுபட்ட நிறுவனமாகவே இருக்கட்டும்.

மின்சாரமும் மூன்றாவது பிரதியும்

வீட்டு உபயோக எஸ்எஸ்டிகள் பெரும்பாலானவற்றில், மின்சாரம் திடீரென்று போகும்போது கைவேலையை முடிக்க உதவும் கெப்பாசிட்டர்கள் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்வரும் நம் ஊரில் இதைக் கவனிக்க வேண்டும். இன்வெர்ட்டர் வைத்திருப்போர் அதன் பின்னாலுள்ள சுவிட்ச் 'யுபிஎஸ்' என்ற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்; மற்ற நிலையில் மாறும் இடைவெளி நீண்டு, கணினி அணைந்து எழக்கூடும்.

மிரர் என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பிரதி. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்தால் இரண்டிலும் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகிச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தபோது, தரைத்தளத்தில் இருந்த கணினிகளுக்கு எந்த ரெய்டும் உதவியிருக்காது. அண்ணாச்சி இப்போது ஒவ்வொரு கல்யாணத்தையும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றி, மாதம் ஒருமுறை தென்காசியில் உள்ள மகள் வீட்டுக்குப் போகும்போது அங்கே வைத்துவிட்டு, முந்தைய மாதம் வைத்ததை எடுத்துவருகிறார். புறப்படும் முன்பு ஸ்டோரேஜ் ஸ்பேசஸைத் திறந்து, இரண்டு எஸ்எஸ்டிகளுக்கும் எதிரே 'ஓகே' என்று இருக்கிறதா என்று பார்த்து, வரிசை எண் எழுதிய அதே தாளில் தேதியைக் குறித்துவிடுகிறார்.