வரிசையில் நின்றவர்கள் முட்டாள்கள் அல்ல: நெப்போலியன் காலப் போர்களை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெப்போலியன் காலத்துப் போர்க்காட்சி எதைத் திரையில் பார்த்தாலும் நமக்கு உடனே எழும் கேள்வி இதுதான்: பளிச்சென்ற சிவப்பிலும் நீலத்திலும் சட்டை போட்டுக்கொண்டு, மறைவில் பதுங்காமல், இப்படி வரிசைகட்டி நின்றா சாவார்கள்? அன்றைய தளபதிகளுக்குப் புத்தி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்தக் காலத்தைப் பற்றி நாம் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கையில் என்ன ஆயுதம், வயிற்றில் என்ன சோறு, காலடியில் என்ன மண் என்று பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

அன்றைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. ஈயக்குண்டு அதில் கொஞ்சம் தளர்வாகவே உட்காரும். நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிபார்ப்பது அதிர்ஷ்டத்தை நம்பிச் சுடுவதுதான். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, வெடிமருந்தைக் கொட்டி, குண்டை நீளக் கம்பியால் இடித்து இறக்கிச் சுட வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவர் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடலாம். படுத்துக்கொண்டு இதையெல்லாம் செய்வது பெரும்பாடு. ஒருவர் சுட்டால் வீணாகும் குண்டு, ஐந்நூறு பேர் தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் சுடும்போதுதான் வேலை செய்யும். நெருங்கி நிற்க இன்னொரு காரணம் குதிரைப்படை. சிதறி நிற்கும் காலாட்களை அது வாளால் வெட்டித் தள்ளிவிடும். சட்டையின் நிறத்துக்கும் காரணம் உண்டு. சில சுற்றுகள் சுட்டதுமே களம் வெண்புகையில் மூழ்கிவிடும். அந்தப் புகைக்குள் நம் ஆள் யார், எதிரி யார் என்று தெரிய வேண்டுமே.

அதற்காக எல்லாரும் எப்போதும் வரிசையில்தான் நின்றார்கள் என்று நினைப்பதும் தவறு. பிரெஞ்சுக் காலாட்படையில் ஒவ்வொரு பட்டாலியனிலும், முன்னால் ஓடிப் பரவி மறைவிலிருந்து சுடும் வோல்திழர் கம்பெனி ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் 95ஆம் ரைஃபிள் படையினர் பச்சைச் சீருடையில் திரிந்தார்கள். அவர்களுடைய பேக்கர் ரைஃபிளில் குழலுக்குள் வரிப்பள்ளம் உண்டு, குறி தப்பாது. ஆனால் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். எல்லாருக்கும் அதைக் கொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

பீரங்கி விஷயத்திலும் சினிமாதான் நம்மை ஏமாற்றுகிறது. குண்டு விழுந்ததும் நெருப்போடு வெடித்து ஆட்கள் பறப்பார்கள். வெடிக்கும் ஷெல்களும் இருந்தன, உண்மைதான். ஆனால் அன்று அதிகம் சுடப்பட்டது கெட்டி இரும்புக் குண்டு. அது வெடிக்காது, தரையில் பட்டுத் துள்ளித் துள்ளிப் போய், வழியில் நின்ற மனிதரையும் குதிரையையும் கிழித்துக்கொண்டே போகும். அப்படித் துள்ள வேண்டுமானால் தரை இறுக்கமாக இருக்க வேண்டும். 1815 ஜூன் 17 இரவு, நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவில் கொட்டிய மழை ஏன் அவ்வளவு முக்கியமானது என்று இப்போது புரியும். சேற்றில் குண்டு புதைந்துவிடும், பீரங்கிகளை இழுப்பதும் கஷ்டம். மறுநாள் நெப்போலியன் போரைத் தொடங்க முற்பகல் பதினொன்றரை வரை ஆனதற்கு, நிலம் காயக் காத்திருந்தது ஒரு காரணம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ரஷ்யாவைப் பற்றியது. ‘நெப்போலியனைத் தோற்கடித்தது ரஷ்யக் குளிர்’ என்று பள்ளிப் பாடத்திலிருந்து பட்டிமன்றம் வரை சொல்கிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1812 ஜூன் 24 அன்று அவருடைய படை ரஷ்ய எல்லையிலிருந்த நியமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. முதலில் உள்ளே போனவர்களே நான்கு லட்சத்துக்கும் மேல். செப்டம்பர் 7 அன்று மாஸ்கோவுக்கு அருகே போரோடினோ போரில் நின்றபோது அவரிடம் இருந்தது சுமார் 1,30,000 பேர். பக்கவாட்டுக் காவலுக்கும் ஊர்க் கோட்டைகளுக்கும் விட்டுவந்தவர்களைக் கழித்தாலும், பெரும் எண்ணிக்கையில் ஆட்கள் காணாமல் போயிருந்தார்கள். இதெல்லாம் நடந்தது கோடையில். கொளுத்தும் வெயில், புழுதி, கெட்ட தண்ணீர், வயிற்றுப்போக்கு, டைஃபஸ் காய்ச்சல், படையை விட்டு ஓடியவர்கள். பச்சைத் தீவனத்தைத் தின்று, இடையில் மழையிலும் நனைந்து குதிரைகள் ஆயிரக்கணக்கில் செத்தன. குதிரை போனால் உணவு வண்டியும் போச்சு.

பிடித்த மாஸ்கோவை விட்டு அவர் திரும்பக் கிளம்பியது அக்டோபர் 19. கூட வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். பனி பொழியத் தொடங்கியது நவம்பர் முதல் வாரத்தில். அதாவது, குளிர் வந்து கொன்றது ஏற்கெனவே உருக்குலைந்துபோன ஒரு படையை. கொன்ற விதத்திலும் நிர்வாகக் கோளாறுக்குப் பங்கு உண்டு. பெரும்பாலான குதிரைகளுக்குப் பனிக்கட்டியில் வழுக்காத லாடம் அடிக்கவில்லை. முன்பு ரஷ்யாவில் பிரெஞ்சுத் தூதராக இருந்த கோலங்கூர், நெப்போலியனின் அரண்மனைக் குதிரைகளுக்கு மட்டும் அந்த லாடத்தை அடித்துவைத்திருந்தார், அவை தாக்குப்பிடித்தன. இன்னொரு வேடிக்கை பெரெசினா ஆற்றில். நவம்பர் கடைசியில் அது உறைந்திருந்தால் நடந்தே கடந்திருக்கலாம். இடையில் பனி இளகியதால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பாலக் கருவிகளை எரித்துவிட நெப்போலியன் சொன்ன பிறகும் கொஞ்சம் கருவிகளையும் கொல்லன் உலைகளையும் காப்பாற்றிவைத்திருந்த ஜெனரல் எப்ளேயின் ஆட்கள், அந்தத் தண்ணீரில் மார்பளவு இறங்கி நின்று பாலம் கட்டினார்கள். அவர்களில் மிகச் சிலரே ஊர் திரும்பினார்கள். எப்ளேயும் அந்த ஆண்டின் கடைசி நாளில் இறந்துபோனார். இந்தப் போரில் யாரையாவது வீரர் என்று சொல்ல வேண்டுமானால் நான் இவர்களைத்தான் சொல்வேன்.

நோய் ரஷ்யாவில் மட்டும் கொல்லவில்லை. 1809இல் பிரிட்டன் நெதர்லாந்தின் வால்க்கரன் தீவுக்குப் படை அனுப்பியது. காய்ச்சலில் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர். சண்டையில் இறந்தவர்கள் நூறு பேர் அளவுதான்.

அப்புறம் வாட்டர்லூ. ‘ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்றார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் சுமார் 68,000 பேரில் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள் பாதிகூட இல்லை. மற்றவர்கள் டச்சுக்காரர், பெல்ஜியர், ஹனோவர், பிரன்ஸ்விக், நஸாவ் பகுதி ஜெர்மானியர்கள். மாலை நான்கரை மணி வாக்கில் அவருடைய கூட்டாளிகளான பிரஷ்ய நாட்டு ஜெர்மானியர்கள், அதாவது பிரஷ்யர்கள், பிளான்சென்வா கிராமத்துப் பக்கம் வந்து இறங்காவிட்டால் கதை வேறாகியிருக்கும். பிரஷ்யர்களைத் தடுக்கத் தவறிய பிரெஞ்சு மார்ஷல் க்ரூஷிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது நெப்போலியன் தரப்பு கட்டிய கதை. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன் லிஞ்ஞியில் தோற்ற பிரஷ்யர்களைத் துரத்தும்படி அவருக்கு ஆணை வந்ததே மறுநாள்தான். அதற்குள் அவர்கள் வடக்கே வாவ்ர் பக்கம் போய்விட்டார்கள். க்ரூஷி சுறுசுறுப்பான ஆள் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒரு பேரரசு கவிழ்ந்த பழியைத் தூக்கி ஒருவர் தலையில் போடுவது அநியாயம்.

நெப்போலியன் தரப்பு சொன்னதை அப்படியே எழுதுவதில் வேறு ஆபத்தும் உண்டு. ‘புல்லட்டின் மாதிரிப் பொய்’ என்று பிரெஞ்சுக்காரர்களே சொல்லும் அளவுக்கு அவருடைய போர் அறிக்கைகள் பேர்பெற்றவை. ஆஸ்டர்லிட்ஸ் போரில் உறைந்த குளம் உடைந்து 20,000 ரஷ்யர்கள் மூழ்கினார்கள் என்று 1805 டிசம்பர் அறிக்கை சொன்னது. பிறகு குளத்து நீரை வடித்துப் பார்த்தபோது கிடைத்த மனித உடல்கள் வெகு சிலவே.

அவர் குள்ளர் என்பதும் இதே வகை, இந்த முறை புளுகியது எதிர்த்தரப்பு. பிரெஞ்சு அளவில் 5 அடி 2 அங்குலம், அதாவது சுமார் 168 சென்டிமீட்டர். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரருக்கு இது சராசரிக்குக் குறைந்த உயரம் அல்ல.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது: பேரரசர் நெப்போலியன் திப்பு சுல்தானோடு சேர்ந்து இந்தியாவை மீட்க வந்துகொண்டிருந்தார் என்பது. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து திப்புவுக்குக் கடிதம் எழுதியது உண்மை. வழியிலேயே அது பிரிட்டிஷார் கையில் சிக்கியது. அப்போது அவர் பேரரசர் அல்ல, ஒரு ஜெனரல். அவரை எகிப்துக்குக் கொண்டுவந்த கப்பற்படையை முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் அபூகிர் வளைகுடாவில் அழித்துவிட்டார். இந்தியாவுக்கு எதில் வருவது? 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார்.

மைசூர் ராக்கெட்டுகள்தான் நெப்போலியனை வீழ்த்தின என்பதையும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். இரும்புக் கூடு போட்ட அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் பிரிட்டனின் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளை உருவாக்கினார். அவை 1807இல் கோபன்ஹேகனை எரித்தன, 1813இல் நெப்போலியன் தோற்ற லைப்சிக் களத்திலும் சுடப்பட்டன. ஆனால் ஐந்து லட்சம் பேர் மோதிய லைப்சிக்கில் ராக்கெட் படை ஒரே ஒரு சிறு பிரிவு. மெய்யான தொடர்பு வேண்டுமானால் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. 1810 டிசம்பரில் பிரான்சிடமிருந்து மொரிஷியஸைப் பிடித்த படையில் சென்னை ராணுவத்தின் சிப்பாய்களும் கரையிறங்கினார்கள்.