"விசாரணையில் உள்ளது" என்று மறுத்தால்? காவல்துறைக்கு ஆர்.டி.ஐ. மனு எழுதும் முறை

வழக்கு விவரம் கேட்டு காவல்துறைக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போட்டால் பெரும்பாலும் ஒரு வரியில் பதில் வரும்: "வழக்கு புலன்விசாரணையில் இருப்பதால் பிரிவு 8(1)(எச்)-இன்படி தகவல் வழங்க இயலாது." தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அப்படிச் சொல்லவில்லை. விசாரணைக்கோ, குற்றவாளியைப் பிடிப்பதற்கோ, வழக்கு நடத்துவதற்கோ இடையூறாகும் தகவலைத்தான் மறுக்கலாம். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

1. முதலில், மனு தேவையா என்று பாருங்கள்.
புகார்தாரர், பாதிக்கப்பட்டவர் இருவருக்கும் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 173). பாலியல் குற்றம், போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம்) போன்ற வழக்குகள் தவிர மற்றவை காவல்துறை இணையதளத்திலும் ஏறும். நீதிமன்றக் கோப்பில் உள்ள ஆவணத்துக்கு அங்கேயே நகல் மனு போட வேண்டும், ஆர்.டி.ஐ. அங்கே எடுபடாது.

2. கேள்விகளைப் பிரித்து எழுதுங்கள்.
வேலையே இங்கேதான். சாட்சி வாக்குமூலம், வழக்கு நாட்குறிப்பு, நிலுவையிலுள்ள வழக்கின் தடய அறிவியல் அறிக்கை ஆகியவற்றைக் கேட்டால் மறுப்பு பெரும்பாலும் செல்லுபடியாகும். ரகசியமாகத் தகவல் தந்தவரின் அடையாளத்துக்கு 8(1)(ஜி) தனிப் பாதுகாப்பு. இவற்றோடு சாதாரணக் கேள்விகளையும் ஒரே பத்தியில் கலந்தால், மொத்தத்தையும் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

"வழக்கில் என்ன நடந்தது?" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்:

அ) மேற்படி குற்ற எண் வழக்கின் விசாரணை அதிகாரிகளின் பதவி, பொறுப்பேற்ற தேதி.
ஆ) கைப்பற்றிய பொருட்கள் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட தேதி, அறிக்கை பெறப்பட்ட தேதி.
இ) குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டிருந்தால் அதன் தேதி, நீதிமன்றத்தின் பெயர்.

தேதியைச் சொல்வதால் விசாரணை எப்படிக் கெடும் என்று விளக்குவது அவர்களுக்குச் சிரமம். "ஏன் கைது செய்யவில்லை?" என்பது வீண், கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும். கடைசியில் ஒரு வரி: "ஏதேனும் பகுதி விலக்கின்கீழ் வந்தால், பிரிவு 10-இன்படி அதை நீக்கி மீதியை வழங்கவும்."

3. அனுப்புதல்.
பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் என்று முகவரியிடுங்கள். தமிழ்நாட்டில் ரூ.10-க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கெடு தாண்டியதை நிரூபிக்க அதுதான் உதவும்.

4. மறுத்தால்.
பதிலுக்கு 30 நாள் கெடு. உயிர், சுதந்திரம் சார்ந்ததென்றால் 48 மணி நேரம். மறுப்பு வந்தாலோ கெடு தாண்டினாலோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதில் மூன்று வாதங்கள் போதும்: இடையூறு எப்படி என்று விளக்கவில்லை, பிரிவு 10-ஐப் பரிசீலிக்கவில்லை, மறுப்பு சரியென நிரூபிக்கும் பொறுப்பு 19(5)-இன்படி அலுவலருடையது. அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

சி.பி.ஐ. போன்ற அமைப்புகளுக்குப் பிரிவு 24-இன்கீழ் விலக்கு உண்டு. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. உங்கள் கேள்வி அந்த வகை என்றால் மனுவின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.