வின்ச் பாதியில் நின்றது: என் அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றப் போகும் என் ஹைலக்ஸ் பிக்கப் வண்டிக்கு 9,500 பவுண்ட் மின்சார வின்ச் (கயிற்றைச் சுற்றி, சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) வாங்கினேன். பாரத்தோடு வண்டி சுமார் 2,800 கிலோ. வின்ச் அதன் ஒன்றரை மடங்காவது இழுக்க வேண்டும், அதாவது 4,200. வின்ச் இழுப்பது 4,300 கிலோ. கணக்கு சரிதான். ஆனால் மழைக்குப் பிறகு சேற்றில் சிக்கினால் மோட்டார் முனகி நின்றுவிடும்.

புது பேட்டரி போட்டேன். அப்புறம் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சோலினாய்டை மாற்றினேன். எர்த் ஒயரை வண்டியின் சட்டத்திலிருந்து (சேஸி) எடுத்து நேராக பேட்டரி நெகட்டிவில் கொடுத்தேன். அது எப்படியும் செய்ய வேண்டியதுதான், குறை மட்டும் போகவில்லை. நான்கு நாள் வீண்.

கடைசியில் கண்ணில் பட்டது வின்சில் கயிறு சுற்றும் உருளை. எப்போதும் பக்கத்து மரத்தில் மாட்டி, ஐந்து மீட்டர் கயிறுதான் வெளியே விட்டிருக்கிறேன். மீதி முழுக்க உருளையில் நான்கு அடுக்காகக் கிடந்தது. பெட்டியில் போட்டிருக்கும் எடை முதல் அடுக்குக்கு மட்டும்! மேலே போகப் போக இழுவை குறையும். நான்காவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இப்போது உருளையில் ஐந்து சுற்றாவது மிஞ்சும்படி விட்டு, தூர மரத்தில் மாட்டுகிறேன். அது இல்லையென்றால் பக்கத்து மரத்தில் வார்ப்பட்டை கட்டி, கப்பி மாட்டி, கொக்கியைத் திரும்ப வண்டியின் இழுவை வளையத்துக்கே கொண்டுவருகிறேன். இழுவை ஏறக்குறைய இரட்டிப்பு, கயிறும் கூடுதலாக வெளியே வரும். நேற்று அதே சேற்றிலிருந்து ஒரே மூச்சில் ஏறியது. அப்பாடா!