சிபிஎஃப்: அவருக்குத் தனி, உங்களுக்குத் தனி

சிங்கப்பூரில் பிஆர், அதாவது நிரந்தரவாசத் தகுதி, கிடைத்த பிறகு வரும் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தால் பலருக்கும் திக்கென்று இருக்கும். கைக்கு வரும் தொகை குறைந்திருக்கும். அந்தப் பிடித்தம்தான் மத்திய சேமநிதி, எல்லாரும் சொல்கிற சிபிஎஃப். முதல் இரண்டு ஆண்டு குறைந்த விகிதம், மூன்றாம் ஆண்டிலிருந்து முழு விகிதம்.

ஊரில் அப்பா அரசு வேலையில் இருந்தவர் என்றால், அவருக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த நினைப்பில் இங்கே கணக்குப் போடாதீர்கள். ஓய்வுக்காலத்தில் சிபிஎஃப் சேமிப்பிலிருந்து மாதாமாதம் பணம் தரும் திட்டம் சிபிஎஃப் லைஃப். அந்த மாதத்தொகை அவரவர் ஆயுள்வரை அவரவருக்கு மட்டும்தான். கணவர் காலமானால் அவருடைய தொகை நின்றுவிடும். அவர் கட்டியதில் மிச்சம் இருந்தால் அது அவர் நியமித்தவருக்குப் போகும்.

எங்கள் புளோக்கில் ஒரு அண்ணனும் அக்காவும் சாப்பாட்டு மேசையில் இரண்டு போனிலும் சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான செயலி) திறந்து, தங்கள் சிபிஎஃப் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்காக வேலையை விட்ட அக்காவின் கணக்கில் 60,000 வெள்ளிகூட இல்லை. அவ்வளவு இல்லையென்றால் லைஃபில் தானாகச் சேர்க்க மாட்டார்கள், பணம் தீரும்வரைதான் மாதத்தொகை வரும். அக்கா வெகுநேரம் பேசவேயில்லை.

அதனால் மாதத்தொகையை 65 வயதிலா 70 வயதிலா தொடங்குவது என்ற கேள்விக்கு முன்னால் மனைவியின் கணக்கை நிரப்புங்கள். அவர் வேலைக்குப் போகாவிட்டாலும் பிஆர் என்றால் ரொக்கமாகப் போடலாம். கணவரின் சிபிஎஃப் சேமிப்பில் அடிப்படை ஓய்வுத்தொகைக்கு (ஓய்வுக்காலத்துக்கென்று சிபிஎஃப் வகுத்திருக்கும் அடிப்படை அளவு) மேல் இருப்பதையும் மனைவியின் கணக்குக்கு மாற்றலாம். ஓய்வுக்காலக் கணக்கில் 4 விழுக்காடு வட்டி உண்டு, சீக்கிரம் போட்டால் நிறைய வளரும்.

அப்புறம் வயது. 65-இல் தொடங்கலாம், 70 வரை தள்ளலாம். தள்ளும் ஒவ்வொரு ஆண்டுக்கும் மாதத்தொகை 7 விழுக்காடு வரை கூடும். இருவரும் ஒரே வயதில்தான் எடுக்கவேண்டும் என்றில்லை. வீட்டுச் செலவுக்கு ஒருவர் 65-இல் தொடங்கட்டும், நீண்டநாள் வாழ வாய்ப்புள்ளவர், பெரும்பாலும் மனைவி, 70 வரை பொறுக்கட்டும் என்பேன். உடம்பு சரியில்லாதவர் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, கல்யாணம் ஆனால், நமக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதிக்கொடுத்த பழைய நியமனம் ரத்தாகிவிடும். உயிலில் எழுதினாலும் சிபிஎஃப் பணம் அதில் அடங்காது. இரண்டு சாட்சிகளை வைத்துப் புதிய நியமனத்தை இந்த வாரமே செய்துவிடுங்கள், இருவருமே.