உறைபனிக்கு முன்னும் பின்னும்: நீலகிரிப் பள்ளத்துத் தோட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தில் கொட்டித் தீர்க்கிறது; வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் வலுக்கிறது; உதகை வட்டாரத்துக்கு இரண்டிலும் பங்கு உண்டு. இந்த மழைகளுக்காக வடிகால் வெட்டி, படிமட்டம் கட்டி வைக்கும் நாம், மழை ஓய்ந்ததும் வருகிற உறைபனியை மட்டும் விழுந்த பிறகே எண்ணிப் பார்க்கிறோம். ஆழமான மண்ணும் ஓடைத் தண்ணீரும் வாய்த்த பள்ளத்து நிலத்தில்தான் பனியும் முதலில் விழுகிறது என்பதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்குமான பயிர்த் திட்டத்தை நிலம் கிடக்கும் இடத்தைப் பார்த்தே வகுக்க வேண்டும்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகலில் வாங்கிய வெப்பத்தை மண்ணும் இலையும் இழந்துவிடுகின்றன. அவற்றை ஒட்டியுள்ள காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கும் அதே காலையில், மேலே உள்ள சரிவுத் தோட்டம் பச்சையாகவே இருப்பது இதனால்தான். செய்தியில் வரும் உதகையின் குறைந்தபட்ச வெப்பநிலையை நம்பி இருந்துவிடக் கூடாது. அந்தக் கருவி தரைக்கு ஒரு மீட்டருக்கு மேல், கூண்டுக்குள் இருப்பது. அது 3 டிகிரி காட்டும்போதே தரையை ஒட்டிய இலை உறைநிலைக்குக் கீழே போயிருக்கலாம். வெப்பமானி ஒன்றை வாங்கி, வீட்டுச் சுவரில் மாட்டாமல், தோட்டத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் செடி உயரத்தில் கட்டி வைப்பது நல்லது.

நீர்ப்பனி விழத் தொடங்கியதுமே விடியற்காலையில் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வர வேண்டும். உறைபனி முதலில் எங்கே வெளுக்கிறது, வெயில் எந்தப் பாத்திக்குக் கடைசியாக வருகிறது என்று பார்த்து, அந்த எல்லையில் குச்சி நட்டு வைத்தால், அடுத்த ஆண்டின் விதைப்புக்கு அதைவிட நம்பகமான வரைபடம் கிடைக்காது. குச்சிக்குக் கீழே உள்ள நிலத்தில் பனிக்காலத்துக்கு உருளைக்கிழங்கும் பீன்ஸும் வேண்டாம். முட்டைக்கோசும் பூண்டும் குளிரைத் தாங்கும். கேரட்டுக்கு மேலிலை கருகினாலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைத்துக்கொள்ளும்; அறுவடைதான் தள்ளிப்போகும். பட்டாணியின் கொடி தாங்கினாலும் பூவும் பிஞ்சும் தாங்குவதில்லை.

எப்படியும் உருளைக்கிழங்கைப் பள்ளத்தில் போட்டே ஆகவேண்டும் என்றால், டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பின்னோக்கி 120 நாள் எண்ணி, ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் விதைத்துவிட வேண்டும். செப்டம்பர் கடைசியில் விதைப்பவர், கிழங்கு பருக்கும் நேரத்தில் இலையைப் பனிக்குக் கொடுக்கிறார். ஆகஸ்ட் விதைப்பில் மழையும் மூடுபனியும் சேர்ந்து பின்கருகல் நோயைக் கொண்டுவரும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு முன்கூட்டியே மருந்து தெளிக்கலாம், உறைந்துபோன இலைக்கு மருந்து கிடையாது. வடகிழக்கு மழை நீடிக்கும் ஆண்டுகளில் பனியும் தள்ளிப்போகிறது என்றாலும், அதை நம்பி விதைப்பைத் தள்ளிப்போடுவது சூதாட்டமே. மழை முடியும் தறுவாயில் யூரியா போடுவதையும் நிறுத்திவிட வேண்டும். தழைச்சத்தால் தளதளவென்று வளர்ந்த இளந்தளிர்தான் முதலில் கருகும்.

இறங்கி வரும் குளிர்காற்றுக்கு வழி விடுவது, பலரும் கவனிக்காத வேலை. தோட்டத்தின் கீழ்ப்புறத்தில் அடர்ந்த வேலி இருந்தால் குளிர்காற்று அங்கே அணைகட்டியதுபோல் தேங்கும். ஆகவே அந்த வேலியில் இடைவெளி விட வேண்டும். மேல்புறத்து வேலியை அடர்த்தியாகவே விடலாம். நிலம் காய்ந்து பொலபொலவென்று இருந்தால் மண்ணின் வெப்பம் மேலே வராது. களையெடுத்து, அன்று மதியத்துக்குள் மண் நனையும்படி தண்ணீர் விட்டு வைத்தால், ஈர மண் பகல் வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் மெல்ல வெளிவிடும். வரிசைகளுக்கு இடையே காய்ந்த புல்லைப் பரப்பும் வழக்கத்தை இந்தக் காலத்துக்கு மட்டும் ஒத்திவைப்பது நல்லது.

மாலையில் வானம் துடைத்தாற்போல் தெளிந்து, காற்று நின்று, ஹட்டியின் (படுகர் ஊரின்) அடுப்புப் புகை மேலேறாமல் பள்ளத்தில் படுத்துக் கிடந்தால், அன்றிரவு பனி உண்டு என்று கொள்ளலாம். நாற்றங்காலையும் இளஞ்செடிகளையும் வெயில் இறங்கும்போதே மூட வேண்டும்; இருட்டிய பின் மூடினால் காப்பாற்ற வேண்டிய வெப்பம் போயிருக்கும். மூங்கில் பட்டையை வளைத்து நட்டு, அதன்மேல் சாக்கோ நிழல்வலையோ போர்த்தினால் இலையில் படாது. மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தாது. காலையில் வெயில் ஏறியதும் மூடியதை எடுத்துவிட வேண்டும். குப்பையைக் கொளுத்திப் புகை போடுவதால் கண் எரிச்சலைத் தவிரப் பெரிய பலன் இல்லை.

ஸ்பிரிங்ளர் வைத்திருப்பவர்கள் அதை இலை உறைவதற்கு முன்பே திறந்து, வெயிலில் பனிக்கட்டி முழுதும் உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பமே இலையைக் காக்கிறது. நடுவில் மோட்டார் நின்றால் ஈரம் ஆவியாகி, நனைக்காத செடியைவிட நனைத்த செடி அதிகமாகக் குளிரும். விடியும்வரை மின்சாரமும் கிணற்றுத் தண்ணீரும் தாக்குப்பிடிக்குமா என்று தெரியாதவர்கள் இந்த வழியில் இறங்காமல் இருப்பதே மேல்.

தேயிலையில், தாழ்ந்த பகுதிகளைக் கவாத்து செய்வதைப் பனிக்காலம் கழித்து வைத்துக்கொள்ளலாம். புதிதாக நட்ட கன்றுகளைப் பெரணித் தழையால் மூட வேண்டும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களை இந்த மாதங்களில் கழிக்க வேண்டாம்.

பனி விழுந்த காலையில், இலை உறைந்திருக்கும்போது பாத்திக்குள் நடக்கக் கூடாது. கருகிய இலையை உடனே வெட்டாமல், புதுத் தளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை பொறுத்திருக்க வேண்டும். உருளைக்கிழங்கின் செடி முழுதும் கருகிவிட்டால் ஒரு செடியைத் தோண்டி, கிழங்கின் தோலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கலாம். தோல் உரிந்தால் இன்னும் 10 முதல் 14 நாள் மண்ணுக்குள்ளேயே விட்டு, தோல் இறுகிய பின் தோண்டினால் மூட்டையில் அடிபட்டு அழுகாமல் மேட்டுப்பாளையம் மண்டி போய்ச் சேரும்.