ஒண்ணாப்பு பிள்ளைங்களோட டிராயிங், பி.டி., பாட்டு பீரியட்ல நாம பண்ற தவறுகள்

கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல்ல டிராயிங்கும் கிராஃப்ட்டும் எடுக்கிறேன், பி.டி. சார் லீவுன்னா கிரவுண்டுக்கும் நான்தான் போவேன். வருஷா வருஷம் ஜூன் மாசம் ஒண்ணாப்புக்கு புதுசா வர்ற பிள்ளைங்களைப் பார்க்கிறேன், யூகேஜி வரைக்கும் கையில கிடைச்ச பேப்பர்ல எல்லாம் கிறுக்கிட்டு சந்தோஷமா இருந்த பிள்ளை ரெண்டே மாசத்துல வந்து "மிஸ், எனக்கு டிராயிங் வராது"ன்னு சொல்லுது. அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்கிற பிள்ளைக்கு வராதுன்னு யார் சொன்னா? பெத்தவங்களும் டீச்சருங்களும் சேர்ந்துதான் அதை அதோட தலையில ஏத்தி விடுறோம். நல்ல மனசோடதான் பண்றோம், ஆனா தப்புதான்.

முதல் தப்பு அந்த சீனரி. உங்களுக்கே தெரியும், ரெண்டு முக்கோண மலை, நடுவுல சூரியன், கீழ ஆறு, ஒரு குடிசை, பக்கத்துல தென்னை மரம். போர்டுல வரைஞ்சு போட்டு அப்படியே பார்த்து வரைன்னு சொல்லிடுறோம், நாப்பது பிள்ளையும் ஒரே படத்தை வரையுது. எங்க ஊர்ல தென்னை மரம் எங்க இருக்கு? ஜன்னலைத் திறந்தா சில்வர் ஓக்கும் தேயிலையும்தான். மலை மேலயே பொறந்து வளர்ற பிள்ளை தான் பார்க்கிற மலையை வரையாம புக்ல இருக்கிற மலையை வரையுதுன்னா, நீ பார்க்கிறது கணக்குல சேராதுன்னு நாம அதுக்கு சொல்லிக் கொடுத்துட்டோம்னுதானே அர்த்தம்.

ஒரு நவம்பர் மாசம், எங்க கோத்தகிரி சைடுக்கு வடகிழக்கு மழைதான் பெரிய மழை, காலைல பத்து மணிக்கும் எதிர்ல இருக்கிறவங்க முகம் தெரியாத அளவுக்கு மிஸ்ட். "காலைல வரும்போது என்ன பார்த்தீங்களோ அதை வரைங்க"ன்னு சொன்னேன். ஒரு பையன் பென்சிலைப் படுக்க வச்சு பக்கம் முழுக்க தேய்ச்சுட்டே இருந்தான், ஒரு மூலை விடல, விரலெல்லாம் கறுப்பு. கடைசியா மஞ்சள் கிரேயான் எடுத்து நடுவுல பக்கத்து பக்கத்துல ரெண்டு புள்ளி வச்சு அழுத்தினான். என்னடான்னு கேட்டா "பஸ் மிஸ், லைட் மட்டும்தான் தெரியுது"ங்கிறான். எனக்கு பேச்சே வரல. மறுநாள் அவங்க வீட்ல இருந்து டைரில எழுதி வந்துச்சு, பையன் நோட்டை கிறுக்கி வச்சிருக்கான், கொஞ்சம் கண்டிக்கவும்னு. அந்த அம்மாவை நான் குறை சொல்லல, அவங்க கண்ணுக்கு அது கிறுக்கல்தான். பிள்ளை படத்தை நீட்டினா "இது என்ன?"ன்னு கேட்காதீங்க, "இதைப் பத்தி சொல்லு"ன்னு கேளுங்க, பெரிய வித்தியாசம் இருக்கு.

கோட்டை விட்டு வெளிய போகாம கலர் பண்ணுன்னு அடிச்சுக்கிறதும் அதே மாதிரிதான். மணிக்கட்டுல மொத்தம் 8 சின்ன எலும்பு, ஆறு வயசுல அது எல்லாமே முழுசா எலும்பா மாறியிருக்காது, சிலது இன்னும் குருத்தெலும்பாதான் இருக்கும். அந்தக் கையை வச்சுக்கிட்டு டிசம்பர் காலைல, ஊட்டி பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கிற குளிர்ல, விரல் மரத்துப்போய் இருக்கும்போது நீட்டா போடுன்னா எப்படி போடும்? நான் முதல் அஞ்சு நிமிஷம் கையை நல்லா தேய்க்கச் சொல்லுவேன், கிரேயானையும் உள்ளங்கையில வச்சு உருட்டச் சொல்லுவேன், குளிர்ல கிரேயான் விறைச்சு போய் டக்கு டக்குனு உடையும். அப்புறம் இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைங்க, சாதா கத்தரிக்கோல் அவங்களுக்கு வெட்டாது, பிளேடு எதிர்ப்பக்கமா இருக்கும், வெட்டுற கோடே கண்ணுக்குத் தெரியாது, அதைப் புரிஞ்சுக்காம சோம்பேறின்னு திட்டாதீங்க.

காப்பி பண்ணத்தான் வேணும்னா நம்ம ஊர்லயே இருக்கு. நீலகிரி பழங்குடி தோடர்கள் போடுற எம்பிராய்டரி பார்த்திருப்பீங்க, வெள்ளைத் துணில சிவப்பும் கறுப்பும், 2013ல புவிசார் குறியீடு கிடைச்சது. துணி மேல எதுவும் வரைஞ்சுக்க மாட்டாங்க, இழையை எண்ணி எண்ணியே போடுவாங்க. கட்டம் போட்ட கணக்கு நோட்டுல மூணு சிவப்பு, ஒரு கறுப்பு, ரெண்டு விடுன்னு சொல்லி ஒண்ணாப்புல போட வைக்கிறேன், எண்ணுறதும் வருது, கையும் பழகுது.

அடுத்தது எனக்கு ரொம்ப மனசு வலிக்கிற விஷயம், பீரியடை எடுத்துக்கிறது. கணக்கு போர்ஷன் முடியலன்னா பி.டி. பீரியட், டெஸ்ட் வருதுன்னா டிராயிங் பீரியட், யாராவது சேட்டை பண்ணா "உனக்கு இன்னிக்கு கிரவுண்டு கிடையாது". உட்கார முடியாம நெளியிற பிள்ளைகிட்ட இருந்து ஓடுற நேரத்தைப் பிடுங்கினா அது அடுத்த பீரியட் இன்னும் நெளியத்தான் செய்யும். 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் தினமும் 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்க ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட் வச்சுட்டு அதையும் எடுத்தா என்ன மிச்சம்? அரசுப் பள்ளியில 2022ல கொண்டு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பாட்டு, கதை, பொம்மை, விளையாட்டு வழியாத்தான் படிப்பே. அங்க பாட்டு பாடிட்டே எழுத்து கத்துக்குது, ஃபீஸ் கட்டுற ஸ்கூல்ல பாட்டு பீரியடை வெட்டிட்டு எழுத்தை எழுத வைக்கிறோம்.

பி.டி.யில மலைக்குன்னே சில தப்பு இருக்கு. வேன்ல வளைவுல வளைவுல சுத்தி தலை சுத்தி வந்து இறங்குற பிள்ளைக்கு முதல் பீரியடே ஓட்டம் வச்சா வாந்திதான் வரும், டைம்டேபிள் போடும்போதே மூணாவது நாலாவது பீரியடுக்கு தள்ளுங்க. குளிருதுன்னு சுவெட்டர், குல்லா எல்லாத்தோடயும் ஓட விடுறாங்க, உள்ள வேர்த்து பனியன் நனைஞ்சு அப்படியே கிளாஸ்ல உட்கார்ந்தா நடுங்கும், ஓடி உடம்பு சூடான பிறகு சுவெட்டரைக் கழட்டிட்டு விளையாட்டு முடிஞ்ச உடனே போட வைக்கணும். கீழ சமவெளில இருந்து புதுசா வந்து சேர்ந்த பிள்ளைக்கு ஆரம்ப நாள்ல சீக்கிரம் மூச்சு வாங்கும், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு, கொஞ்ச நாள் விட்டுப் பிடிங்க. அப்புறம் பந்து. நம்ம கிரவுண்டு எல்லாம் ஒரு பக்கம் சரிவுதான், பந்து உருண்டு தேயிலைக்குள்ள போயிடும், ஒரு பிள்ளையை ஓடிப்போய் எடுத்துட்டு வான்னு தயவு செஞ்சு அனுப்பாதீங்க, காட்டெருமை படுத்திருந்தாலும் தெரியாது, கரடி வேற. பெரியவங்க போய் எடுங்க, இல்லன்னா துணில பஞ்சு அடைச்ச பந்து வச்சுக்கோங்க, அது அவ்வளவு தூரம் உருளாது. மழைன்னா பி.டி. கேன்சல்னு சொல்லிடாதீங்க, இங்க அப்படி சொன்னா பல வாரம் பி.டி.யே இருக்காது, பெஞ்சை ஓரம் தள்ளிட்டு வராண்டாவுல கயிறு தாண்டலாம், ஒத்தைக் கால்ல நிக்கலாம்.

பாட்டுல ஒரே ஒரு தப்பை மட்டும் சொல்றேன், "சத்தமா பாடு". சத்தமா பாடுன்னா பிள்ளை கத்தும், கத்தினா ஸ்ருதி போயிடும், தொண்டையும் கட்டிக்கும். பாட்டு சார் அவர் குரலுக்கு சரியா கீழ் ஸ்தாயில ஆரம்பிச்சா பிள்ளைங்களால அங்க இறங்க முடியாது, அதுங்க குரல் உசரத்துல கொஞ்சம் ஏத்தி மெதுவா பாட வைக்கணும்.

மொழி விஷயத்துல நாம இன்னும் கொஞ்சம் யோசிக்கணும். ஹட்டில, அதாவது படுகர் கிராமத்துல இருந்து வர்ற பிள்ளைக்கு வீட்ல பேசுறது படுகு மொழி, தமிழே அதுக்கு ரெண்டாவது மொழி. அந்தத் தமிழ்ல 247 எழுத்து, இங்கிலீஷ்ல பெருசும் சின்னதுமா 52, சில ஸ்கூல்ல ஸ்பெஷல் சப்ஜெக்ட்னு ஹிந்தியையும் அதே வருஷம் எழுத வச்சிடுறாங்க. புது மொழி சொல்லிக் கொடுங்க, வேண்டாம்னு சொல்லல, ஆனா முதல் வருஷம் காதுக்கும் வாய்க்கும் மட்டும் கொடுங்க, எழுத்து பின்னாடி வரட்டும். ஸ்கூல்ல படுகு பேசினா ஃபைன் போடுற வழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு, அதை உடனே நிறுத்தணும். என் கிளாஸ்ல ஒரு பொண்ணு ஆகஸ்ட் வரைக்கும் வாயே திறக்கல, ஒரு நாள் அவங்க பாட்டி பாடுற பாட்டு ஏதாவது பாடுறியான்னு கேட்டேன், எழுந்து நின்னு முழுப் பாட்டையும் படுகுல பாடினா.

கம்ப்யூட்டர் பத்தி பெருசா சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. மௌஸைத் தொடாமலேயே சிபியூ, மானிட்டர்னு பார்ட்ஸ் பேரை மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதுறது மட்டும் வேண்டாம்.

இந்த சப்ஜெக்ட்டுக்கெல்லாம் தனித்தனியா புக் வாங்க வச்சு பையில அடைக்கிறதையும் சொல்லியாகணும். 2018ல சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. பள்ளிகள்ல ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக்கு ஹோம்வொர்க் கூடாது, மொழியும் கணக்கும் தவிர வேற பாடம் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. 2020ல வந்த பள்ளிப் பை கொள்கையில இந்த ரெண்டு வகுப்புக்கும் பை 1.6ல இருந்து 2.2 கிலோதான். ஜிகே, மாரல் சயின்ஸ், கம்ப்யூட்டர், டிராயிங்னு நாலு புக் சேர்த்தா அந்தக் கணக்கு எங்க நிக்கும், அதுவும் நம்ம பிள்ளைங்க ரோட்டுல இறங்கி ஸ்கூலுக்கு படி ஏறுதுங்க. டிராயிங் நோட்டு, கிரேயான், கத்தரிக்கோல் மூணையும் கிளாஸ் அலமாரியிலயே வச்சுக்கச் சொல்லி பெத்தவங்க கேட்கலாம், நாங்க ஒரு பழைய பிஸ்கட் டின்ல பேர் எழுதி ஒட்டி வச்சுட்டோம், மழை நாள்ல நோட்டு நனையிறதும் நின்னுடுச்சு.